ஃப்ரிடா: ஓடுகிற செயலியிடமே கேட்டுவிடலாம்

என் மேசையில் இரண்டு போன்கள் எப்போதும் சார்ஜில் கிடக்கும். ஒன்று ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய பழைய பிக்சல் 3ஏ, ரூட் செய்தது, அதாவது முழு அதிகாரமும் என் கையில் இருப்பது. இன்னொன்று ஆப்பிளின் பூட்டை உடைத்து ஜெயில்பிரேக் செய்த ஐபோன் 8. இரண்டிலும் சிம் கிடையாது, என் சொந்தக் கணக்கும் கிடையாது. மொபைல் செயலிகளில் பாதுகாப்புச் சோதனை செய்வது என் வேலை. ஆறு வருடம் ஆகிறது. இதற்குள் எத்தனையோ கருவிகள் வந்தன, சில போயின. காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் கை தானாகத் தட்டும் பெயர் மட்டும் மாறவில்லை: ஃப்ரிடா, ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்குள் புகுந்து பார்க்க உதவும் கருவி.

இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். பணம் போகாவிட்டாலும் நேரம் போகிறதே. நான் இதைக் கற்ற முதல் மாதத்தில் பாதி நாள் தேவையில்லாத இடங்களில் முட்டிக்கொண்டு நின்றேன். எங்கே முட்டும் என்று முன்பே ஒருவர் தமிழில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இது. அதிலும் குறிப்பாக நேட்டிவ் ஃபங்ஷன் அழைப்புகளை இடைமறிப்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஜாவா பக்கம் ஹூக் போடுவது, அதாவது அழைப்பை இடைமறிப்பது, எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். சி, சி++ மொழிகளில் எழுதி, எஸ்ஓ (.so) என்ற லைப்ரரிக் கோப்பாகக் கட்டிச் செயலிக்குள் வைத்திருக்கும் நேட்டிவ் பகுதிக்கு வந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். முக்கியமானவற்றை நிறுவனங்கள் ஒளித்து வைப்பதும் அங்கேதான்.

நார்வேக்காரர் ஓலே ஆந்த்ரே வாட்லா ராவ்னோஸ் உருவாக்கிய கருவி இது. மூல நிரல் திறந்தே இருக்கிறது. உள்ளுக்குள் சி, வாலா என்ற இரண்டு மொழிகள். நாம் எழுத வேண்டியது ஜாவாஸ்கிரிப்ட். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். நிறுவுவதும் சுலபம். கணினியில் பைதான் வழியாக ஃப்ரிடா டூல்ஸை இறக்க வேண்டும். ரூட் செய்த போனில் ஃப்ரிடா சர்வர் என்ற ஒற்றைக் கோப்பைப் போட்டு ஓட விட வேண்டும். அவ்வளவுதான்.

அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் நினைவகத்துக்குள் ஃப்ரிடா தன் ஏஜென்ட்டை இறக்குகிறது. அந்த ஏஜென்ட்டுக்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் இருக்கிறது. இன்டர்செப்டர் என்ற அதன் பகுதிக்கு ஒரு ஃபங்ஷனின் முகவரியைக் கொடுத்தால், அந்த ஃபங்ஷனின் முதல் சில கட்டளைகளை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொண்டு, அவை இருந்த இடத்தில் தன் பக்கம் தாவும் கட்டளையை எழுதிவிடுகிறது. 64 பிட் ஆர்ம் சிப்பில் ஒரு கட்டளை 4 பைட். தூரத்துக்குத் தாவ வேண்டுமானால் 16 பைட், அதாவது 4 கட்டளைகளின் இடம் தேவை. செயலி அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும்போது முதலில் நாம் எழுதிய ஆன்என்டர் ஓடும். அப்புறம் எடுத்து வைத்த கட்டளைகளும் மீதி ஃபங்ஷனும் ஓடும். வேலை முடிந்து திரும்பும் வழியில் நம் ஆன்லீவ் ஓடும். உள்ளே போகும்போது கையில் என்ன இருந்தது, வெளியே வரும்போது என்ன கொண்டுவந்தது என்று இரண்டையும் பார்க்கலாம். வேண்டுமானால் மாற்றியும் விடலாம்.

இதை முதலில் எதில் பழகுவது? மென்பொருள் பாதுகாப்புக்கான ஒவாஸ்ப் அமைப்பின் மொபைல் பாதுகாப்புத் திட்டத்தில் அன்க்ராக்கபிள் என்ற பெயரில் பயிற்சிச் செயலிகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். உடைத்துப் பார்ப்பதற்கென்றே செய்தவை, சட்டப்பிரச்சினை எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டுக்கான முதல் நிலை முழுக்க ஜாவா. இரண்டாம் நிலையில்தான் நேட்டிவ் கதவு திறக்கிறது. எங்கள் குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் அதைத்தான் முதலில் கொடுப்பேன்.

அந்தச் செயலி ஒரு ரகசியச் சொல்லைக் கேட்கும். நாம் தட்டியதை லிப்ஃபூ என்ற நேட்டிவ் லைப்ரரிக்கு அனுப்பிச் சரிபார்க்கும். கட்டிய கோப்பைப் பிரித்துப் படிக்க உதவும் கிட்ரா கருவியில் அந்த லைப்ரரியைத் திறந்தால், நீளம் ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) 17, அதாவது 23 எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதும், அதன்பின் ஸ்டர்என்கம்ப் ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஒப்பிடுவதும் தெரியும். ரகசியத்தை எப்படி ஒளித்தார்கள் என்று தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. எப்படி ஒளித்திருந்தாலும் ஒப்பிடும் நேரத்தில் வெளியே எடுத்துத்தானே ஆக வேண்டும்? லிப்ஃபூ வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன்களின் பட்டியலை ஃப்ரிடாவிடம் கேட்டு, அதில் ஸ்டர்என்கம்ப் முகவரியை எடுத்து ஹூக் போட்டு, பெட்டியில் 23 எழுத்தைத் தட்டினால் போதும். ஒப்பிடப்படும் இரண்டு சரங்களில் ஒன்று நாம் தட்டியது, இன்னொன்றுதான் விடை. அந்த விடையை இங்கே எழுத மாட்டேன். திரையில் அது வந்து நிற்கும் நொடியை யாரிடமிருந்தும் பறிக்க எனக்கு மனசில்லை.

போன வருடம் சேர்ந்த தம்பி ஒருவர் அரை மணி நேரத்தில் என் இருக்கைக்கு வந்தார். "அக்கா, ஹூக் போட்டதுமே ஆப் உறைஞ்சு நின்னுடுது. ஆயிரக்கணக்குல வரி ஓடுது." ஸ்கிரிப்டைப் பார்த்தேன். ஸ்டர்என்கம்ப் எங்கே எப்போது கூப்பிடப்பட்டாலும் இரண்டு சரத்தையும் அச்சிடச் சொல்லியிருந்தார். அந்த ஃபங்ஷன் லிப்ஃபூவுக்கு மட்டும் சொந்தமானதா என்ன? அது சி லைப்ரரியில் இருப்பது; அந்தச் செயலிக்குள் இருக்கிற அத்தனை பேரும் அதைக் கூப்பிடுவார்கள். ஒப்பிடும் நீளத்தைச் சொல்லும் மூன்றாவது ஆர்கியுமென்ட் 23 ஆக இருந்தால் மட்டும் மேலே போ, அதிலும் நாம் தட்டிய சரம் ஒரு பக்கம் இருந்தால் மட்டும் அச்சிடு என்று இரண்டு நிபந்தனை சேர்த்ததும் ஒரே ஒரு வரி வந்தது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நேட்டிவ் ஹூக்கில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான். கூட்டமான வாசலில் நின்றால் எல்லோரையும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது. யாரைத் தேடுகிறோம் என்று தெளிவாகத் தெரிந்த பிறகே நிற்க வேண்டும்.

மூன்றாம் நிலை இன்னும் அழகு. அங்கே லைப்ரரியே ஒரு தனித் திரெட்டை ஓட விட்டு, ப்ராக் செல்ஃப் மேப்ஸ் என்ற கோப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது. அந்தச் செயலியின் நினைவகத்தில் என்னென்ன கோப்புகள் ஏற்றப்பட்டிருக்கின்றன என்ற பட்டியல் அது. அதில் ஃப்ரிடா என்றோ, ஹூக் போடும் இன்னொரு கருவியான எக்ஸ்போஸ்ட் என்றோ ஒரு வரி கண்ணில் பட்டால் செயலி தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பெயரைத் தேட அது ஸ்டர்ஸ்டர் என்ற சாதாரண ஃபங்ஷனைத்தான் நம்பியிருக்கிறது. அதற்கு ஹூக் போட்டு, தேடப்படும் சொல் ஃப்ரிடா என்றால் ஆன்லீவில் விடையைப் பூஜ்யமாக மாற்றிவிட்டால் முடிந்தது. நம்மைத் தேடும் கண்ணுக்கே நம்மைத் தெரியாமல் செய்துவிடுகிறோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இதைச் செய்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சோதனை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே நம் கையில் இருக்கிறது என்றால், போனுக்குள் வைக்கும் எந்தக் காவலுக்கும் ஒரு எல்லை உண்டு என்று அன்றுதான் புரிந்தது.

பயிற்சி வேறு, வேலை வேறு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நிதித்துறைச் செயலியைச் சோதிக்கக் கொடுத்தார்கள். யாருடையது என்று சொல்லப்போவதில்லை. பயனர் தட்டும் பின் எண்ணை என்கிரிப்ட் செய்து சர்வருக்கு அனுப்பும் செயலி அது. "சாவி ஜாவா பக்கம் வருவதே இல்லை, எல்லாம் நேட்டிவ் லைப்ரரியில் இருக்கிறது, அதனால் பாதுகாப்பானது" என்று வடிவமைப்பு ஆவணத்தில் எழுதியிருந்தார்கள். லைப்ரரியில் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. ஜாவாவையும் நேட்டிவையும் இணைக்கும் ஜேஎன்ஐ முறையில் வழக்கமாக ஜாவா என்று தொடங்கும் பெயர் ஒன்றுகூட இல்லை. ஜேஎன்ஐ ஆன்லோட் மட்டும் இருந்தது. அதாவது, லைப்ரரி ஏறும்போது ரெஜிஸ்டர்நேட்டிவ்ஸ் வழியாக ஃபங்ஷன்களின் முகவரிகளை ஜாவா பக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

அங்கே எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய உண்மை. ஏஇஎஸ் என்ற பரவலான என்கிரிப்ஷன் முறையைச் சாதாரணமாக யார் எழுதினாலும் அதற்குள் எஸ்-பாக்ஸ் என்ற 256 பைட் அட்டவணை இருக்கும். அது ஹெக்ஸில் 63, 7சி, 77, 7பி என்று தொடங்கும். பெயரை நீக்கலாம், அட்டவணையை அவ்வளவு எளிதில் நீக்க முடியாது. கிட்ராவில் அந்த நான்கு பைட்டைத் தேடி, அந்த இடத்தைத் தொடும் ஃபங்ஷன்களைப் பார்த்தேன். மூன்று இருந்தன. ஒன்று, சாவியை விரித்து, என்கிரிப்ஷனின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரவுண்டு சாவியாக்கும் ஃபங்ஷன். அதன் முதல் ஆர்கியுமென்ட்தான் எனக்கு வேண்டியது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கிட்ரா 64 பிட் எஸ்ஓ கோப்பை இயல்பாக ஹெக்ஸ் 100000 என்ற முகவரியில் வைத்துக் காட்டும். போனில் அந்த லைப்ரரி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் ஏறும். எனவே கிட்ரா காட்டும் முகவரியில் 100000 ஐக் கழித்துவிட்டு, ஃப்ரிடா சொல்லும் ஆரம்ப முகவரியோடு கூட்ட வேண்டும். இந்தக் கழித்தலை மறந்துவிட்டு, செயலி ஏன் சாகிறது என்று ஒரு மதியம் முழுக்க விழித்த அனுபவம் எனக்கு உண்டு. 32 பிட் லைப்ரரியாக இருந்து தம்ப் என்ற சுருக்கமான கட்டளைகளில் எழுதியிருந்தால், முகவரியோடு இன்னொரு 1 கூட்ட வேண்டும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். செயலி தொடங்கும்போது நம் லைப்ரரி நினைவகத்தில் இருக்காது. ஜாவா பக்கம் கேட்ட பிறகுதான் ஏறும். அதற்கு முன் ஹூக் போட முயன்றால் அப்படி ஒரு லைப்ரரியே இல்லை என்று பிழை வரும். அதனால் லைப்ரரிகளை ஏற்றும் ஆண்ட்ராய்டு டிஎல்ஓப்பன் எக்ஸ்ட் ஃபங்ஷனுக்கு முதலில் ஒரு ஹூக். அதில் நம் லைப்ரரியின் பெயர் வருகிறதா என்று ஆன்என்டரில் பார்த்து வைத்துக்கொண்டு, ஆன்லீவில், அதாவது ஏறி முடித்த பிறகு, உண்மையான ஹூக்கைப் போட வேண்டும். ஏறும்போதே ஓடிவிடும் ஆரம்ப ஃபங்ஷன்களை இந்த வழியில் பிடிக்க முடியாது. அதற்கு, லைப்ரரிகளை ஏற்றி இணைக்கும் லிங்கருக்குள்ளேயே இறங்க வேண்டும். அது வேறு கதை.

எல்லாம் சரியாகப் போட்டு, சோதனைக் கணக்கில் நுழைந்தேன். நினைவகத்தை ஹெக்ஸில் அச்சிடும் ஹெக்ஸ்டம்ப் 16 பைட்டைக் காட்டியது. குழுவில் இருந்த இன்னொரு சோதனை போனை வாங்கி, வேறு கணக்கில் நுழைந்தேன். அதே 16 பைட். மூன்றாவதாக, கணினியிலேயே போன் போல ஓடும் எமுலேட்டரிலும் பார்த்தேன். அதேதான். அந்தச் செயலியை வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே சாவி! லைப்ரரியில் துண்டு துண்டாக எக்ஸ்ஓஆர் (XOR) கணக்கால் கலைத்து வைத்து, ஓடும்போது சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்க்கிற அந்தக் குறியீட்டை நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்திருந்தால் மூன்று நாள் ஆகியிருக்கும். இது மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

ஃப்ரிடாவின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் அந்த மூன்று மணி நேரத்தைத்தான் சொல்வேன். மறைத்தவர் எவ்வளவு சுற்றி மறைத்தாலும், பயன்படுத்தும் நொடியில் அதைத் தெரிந்த ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்கிற இடத்தில் நாம் நின்றால் போதும்.

சர்வரோடு பேசுவதைப் பார்க்கவும் இதே வழிதான். அந்தப் பேச்சை என்கிரிப்ட் செய்யும் போரிங்எஸ்எஸ்எல் லைப்ரரியில் எஸ்எஸ்எல் ரைட் ஃபங்ஷனுக்கு ஹூக் போட்டால், என்கிரிப்ட் ஆவதற்கு முந்தைய வெறும் எழுத்து கையில் கிடைக்கும். இங்கே புதியவர்கள் தவறும் இடம் எஸ்எஸ்எல் ரீட். தரவு வந்து சேரும் இடமான பஃபரை ஆன்என்டரில் படித்தால் பழைய குப்பைதான் இருக்கும், ஏனென்றால் தரவு இன்னும் வரவே இல்லை. பஃபரின் முகவரியை உள்ளே போகும்போது, இரண்டு கட்டத்துக்கும் பொதுவான திஸ் (this) என்பதில் சேமித்து வைத்துக்கொண்டு, வெளியே வரும்போது, திரும்பி வந்த எண் எத்தனையோ அத்தனை பைட் மட்டும் படிக்க வேண்டும். அந்த எண் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் தொடவே கூடாது. ஃப்ளட்டர் என்ற கட்டமைப்பில் எழுதிய செயலியாக இருந்தால் போரிங்எஸ்எஸ்எல் அதன் எஞ்சினுக்குள்ளேயே பெயரில்லாமல் சேர்ந்திருக்கும். பைட் வடிவத்தைக் கொடுத்து நினைவகத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும், எஞ்சின் மாறினால் வடிவமும் மாறும். பொறுமை வேண்டும்.

ஐபோன் பக்கம் என் அனுபவம் இன்னும் சுமுகம். ஆப்பிளின் காமன்கிரிப்டோ என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியில் சிசிகிரிப்ட் என்ற ஒரே ஃபங்ஷனைப் பிடித்தால் பல செயலிகளின் என்கிரிப்ஷன் கதை வெளியே வந்துவிடும். அதற்கு 11 ஆர்கியுமென்ட். முதல் 8 மட்டும்தான் சிப்பின் ரெஜிஸ்டர்களில் வரும், மீதி ஸ்டாக்கில். ஆனால் ஃப்ரிடாவில் ஒன்பதாவதையும் அதே மாதிரி எண் போட்டே கேட்கலாம். எங்கே இருக்கிறது என்ற கவலையை அது பார்த்துக்கொள்ளும். சாவி நான்காவது, அதன் நீளம் ஐந்தாவது. ஸ்கிரிப்டில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஸ்கிரிப்ட் எழுத வேண்டியதும் இல்லை. ஃப்ரிடா டிரேஸ் என்ற துணைக்கருவிக்கு ஒரு பெயர் வடிவத்தைக் கொடுத்தால், பொருந்தும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் தானே உருவாக்கித் தரும். வேண்டியதைத் திறந்து இரண்டு வரி மாற்றிச் சேமித்தால், செயலியை மறுபடி தொடங்காமலேயே மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடும். தெரியாத செயலி ஒன்று கைக்கு வந்தால் என் முதல் பத்து நிமிடம் இதில்தான் போகும். இந்த ஒரு வசதிக்காகவே கருவியை உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, பதிப்பு மாற்றம். 2025 இல் வந்த 17 ஆம் பதிப்பு பல பழைய வழிகளை மூடிவிட்டது. லைப்ரரி பெயரையும் ஃபங்ஷன் பெயரையும் ஒன்றாகக் கொடுத்து மாட்யூலிடம் (ஃப்ரிடாவில் லைப்ரரிக்கு அதுதான் பெயர்) முகவரி கேட்கும் பழைய முறை போய்விட்டது. இப்போது ப்ராசஸிடம் மாட்யூலைக் கேட்டு, அந்த மாட்யூலிடம் அது வெளியே தரும் ஃபங்ஷனை, அதாவது எக்ஸ்போர்ட்டைக் கேட்க வேண்டும். நினைவகத்தைப் படிக்கும் பழைய ஃபங்ஷன்களும் இல்லை. பாயின்டரிடமே நேரடியாகக் கேட்க வேண்டும். ஜாவா, அப்ஜெக்டிவ் சி, ஸ்விஃப்ட் மொழிகளோடு பேச உதவும் பாலங்களும் ஃப்ரிடாவின் ரன்டைமோடு சேர்ந்து வருவதில்லை. கட்டளை வரியில் ஓட்டினால் அவை இருக்கும். நாமே பைதானில் எழுதிய கருவி வழியாக ஸ்கிரிப்டை ஏற்றினால் தனியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

மாற்றத்தின் நோக்கம் எனக்குப் புரிகிறது. புதிய வழி சுத்தமாகவும் இருக்கிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்ட்களில் பெரும்பாலானவை பழைய முறையில் எழுதியவை. கற்க வருபவர் அதில் ஒன்றை எடுத்து ஓட்டி, அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்ற பிழையைப் பார்த்துத் தன்மேல் சந்தேகப்படுகிறார். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் தவறு இல்லை, பதிப்பைப் பாருங்கள். கணினியில் இருப்பதும் போனில் இருக்கும் சர்வரும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். நான் ஒவ்வொரு வேலைக்கும் தனித் தனி பைதான் சூழல் வைத்து, பதிப்பு எண்ணை அறிக்கையிலும் எழுதிவிடுவேன்.

இரண்டாவது, ஆவணங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஏபிஐ பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே தெரிந்தவர் சரிபார்த்துக்கொள்ள எழுதியது போல இருக்கிறது. பாயின்டருக்குப் பாயின்டர், ஸ்ட்ரக்ட்டுக்குள் சரம், சி++ ஸ்ட்ரிங் பொருள் என்று நேட்டிவ் பக்கம் தினமும் சந்திக்கும் விஷயங்களுக்கு எடுத்துக்காட்டுகள் போதாது. ஒவாஸ்ப்பின் மொபைல் சோதனை வழிகாட்டிதான் எனக்கு அந்த இடைவெளியை நிரப்பியது.

மூன்றாவது, மறைந்திருக்க ஃப்ரிடா அதிகம் மெனக்கெடுவதில்லை. சர்வர் இயல்பாக 27042 ஆம் போர்ட்டில் காத்திருக்கும். செயலிக்குள் இறங்கியதும் கம் ஜேஎஸ் லூப், ஜிமெய்ன் என்ற பெயர்களில் திரெட்கள் தெரியும். கொஞ்சம் அக்கறையுள்ள எந்தச் செயலியும் இவற்றைத் தேடும். ஃபங்ஷனின் முதல் பைட்கள் மாறியிருக்கின்றனவா என்று தன்னைத்தானே சரிபார்க்கும் செயலிகளும் உண்டு. அவற்றிடம் கட்டளைகளை மாற்றி எழுதும் இன்டர்செப்டர் மாட்டிக்கொள்ளும். 16.5 பதிப்பிலிருந்து குறிப்பிட்ட முகவரியில் சிப்பே நிறுத்திக் கொடுக்கும் ஹார்டுவேர் பிரேக்பாயின்ட்டைப் பயன்படுத்தும் வசதி வந்திருக்கிறது. அதில் கட்டளைகளைத் தொடுவதே இல்லை. எண்ணிக்கையில் கொஞ்சம்தான் கிடைக்கும் என்றாலும், பிடிவாதமான இரண்டு வேலைகளில் அதுதான் என்னைக் காப்பாற்றியது.

அப்புறம், மிகச் சின்ன ஃபங்ஷன்கள். தாவும் கட்டளைக்கே இடமில்லாத அளவு குட்டியாக இருந்தால், இடைமறிக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். அப்போது அதைக் கூப்பிடுபவரையோ, அது கூப்பிடுபவரையோ பிடிக்க வேண்டியதுதான்.

ரூட் இல்லாத போனில் வேலை செய்ய வேண்டுமானால் ஃப்ரிடாவின் கேட்ஜெட் என்ற லைப்ரரியைச் செயலிக்குள் சேர்த்து, மறுபடி கையொப்பமிட்டு நிறுவலாம். அப்ஜெக்ஷன் என்ற கருவி அந்த வேலையை எளிதாக்கித் தரும். தன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயலிகளில் இது எடுபடாது என்பதால், முடிந்தவரை ரூட் செய்த போனையே நான் சொல்வேன். பழைய போன் ஒன்று போதும்.

மாற்று எதுவும் இல்லையா? இருக்கிறது. எக்ஸ்போஸ்ட் வகைக் கருவிகள் ஜாவா பக்கத்துக்கு நல்லவை, நேட்டிவ் பக்கம் அவ்வளவாகக் கை நீளாது. எக்ஸ்ஹூக், பிஹூக் போன்றவை பிஎல்டி ஹூக் வகை. ஒரு லைப்ரரி வெளியாரைக் கூப்பிட வைத்திருக்கும் முகவரிப் புத்தகத்தில் ஒரு எண்ணை மாற்றிவிடும். அதனால் நிலையாக ஓடும். ஆனால் லைப்ரரி தனக்குள்ளேயே கூப்பிட்டுக்கொள்வது அந்தப் புத்தகம் வழியாகப் போகாது. என் ஏஇஎஸ் ஃபங்ஷனை அதனால் பிடித்திருக்க முடியாது. ஷேடோஹூக், டாபி இரண்டும் ஃப்ரிடாவைப் போலவே ஃபங்ஷனின் தலையில் கை வைப்பவை. ஒவ்வொரு கேள்விக்கும் சி++ எழுதி, கட்டி, ஏற்றி ஓட வேண்டும். ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலைப் பார்த்து, அடுத்த கேள்வியை யோசிக்கிற வேலைக்கு அந்த வேகம் போதாது.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். உங்களுடைய செயலி, அல்லது எழுத்தில் அனுமதி கொடுத்தவரின் செயலி, அல்லது பயிற்சிக்கென்றே செய்த செயலி. இந்த மூன்றைத் தவிர வேறெதிலும் கை வைக்காதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவதற்கு 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43, 66 என்று பிரிவுகளே இருக்கின்றன. இணையத்தில் பார்த்த ஸ்கிரிப்டைப் படிக்காமல் ஓட்டவும் வேண்டாம். அது உங்கள் சோதனை போனுக்குள் என்னவெல்லாம் செய்யும் என்று படித்தால்தான் தெரியும்.

சி மொழியில் பாயின்டர் என்றால் என்ன என்று தெரிந்தவர், ஜாவாஸ்கிரிப்டில் பத்து வரி எழுதக்கூடியவர், ஒரு வாரம் ஒதுக்கக்கூடியவர் யாராக இருந்தாலும் ஃப்ரிடாவைத் தயங்காமல் எடுங்கள். இந்த வேலைக்கு நான் ஒரே ஒரு கருவியை வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அந்த நிதித்துறைச் செயலிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அறிக்கையோடு மூன்று ஹெக்ஸ்டம்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். நேட்டிவில் இருப்பதால் பாதுகாப்பு என்ற வாதத்தை யாரும் மறுபடி எடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மறுசோதனைக்குப் புதிய பதிப்பு வந்தது. நிலையான சாவியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நுழைவுக்கும் சர்வரோடு பேசிப் புதிய சாவியை உருவாக்கிக்கொள்ளும்படி மாற்றியிருந்தார்கள். லைப்ரரி மாறியிருந்ததால் எஸ்-பாக்ஸைத் தேடிப் பிடித்து, முகவரியைக் கழித்துக் கூட்டி, அதே ஹூக்கை மறுபடி போட்டேன். பிக்சலில் ஒரு 16 பைட் வந்தது. இன்னொரு போனில் வேறு 16 பைட். பிக்சலில் லாக் அவுட் செய்து மீண்டும் நுழைந்தேன். மறுபடி புதிதாக 16 பைட்.